நோயும் கூலியும்

ஆசிரியருக்கு,

கலிபோர்னியாவில் உழைக்கும் பெண்களுக்கென 1911இல் டாக்டர் பிலிப் கிங் பிரவுன் தொடங்கிய அரெகிப்பா காசநோய் ஆரோக்கியசாலை பற்றிய ஞாயிறு கட்டுரை கண்டேன். காற்று, ஓய்வு, உணவு தவிர மருந்தில்லாத அக்காலத்திலும், நோயாளிகள் மட்பாண்டம் செய்து சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியை ஈட்ட அங்கு வழி இருந்தது. கூலி நின்றால் சிகிச்சையும் நிற்கும் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

இன்று இலங்கையில் காசநோய்க்கு மருந்து இலவசம். வழமையான சிகிச்சை ஆறே மாதம். ஆயினும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண், பேர் (நாட்கூலிக்கான பதிவு) போடமாட்டார்கள் என்றஞ்சி இருமலோடு மலையேறிக் கொழுந்து பறித்ததைப் பார்த்திருக்கிறேன். (பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குத் தெரியக்கூடாதென்ற பயம் வேறு.) தொற்று நீங்கும்வரை அரைப்பேரும் (அரைநாள் கூலி), அதன்பின் சிகிச்சை முடியும்வரை தவறணையில் (தேயிலை நாற்றுமேடையில்) இலகு வேலையுடன் முழுப்பேரும் வழங்கத் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் உடன்பட வேண்டும்.

– ஒரு வாசகர், பொகவந்தலாவை