வன்னிக் காணிகளை ஆராயும் சட்ட அறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சட்டத்துறை விரிவுரையாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்,

எங்கள் காணிப் பிரச்சினையின் வரலாற்றை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. எங்களைவிட ஒழுங்காக அதை எழுதி வைத்திருப்பவர்கள் நீங்கள். சென்ற மாதம் கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஓர் ஆய்வுக் கட்டுரையே இந்த மடலை எழுதத் தூண்டியது. என் பெரியம்மாவின் கதை, பெயர் மாற்றப்பட்டு, அதில் நான்கு பக்கங்களுக்கு வருகிறது.

அதை எழுதிய ஆய்வாளர் பெரியம்மாவிடம் வந்த அன்று நானும் அங்கிருந்தேன். போரில் முத்தையன்கட்டிலிருந்து மாத்தளன் வரை இடம்பெயர்ந்தபோது பால்மாப் பேணிக்குள் வைத்துக் காப்பாற்றிய காணி அனுமதிப்பத்திரத்தைப் பெரியம்மா பாயில் விரித்து வைத்தார். நான்காக மடித்த மடிப்புகள் கிழிந்து, பின்புறம் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. பெரியப்பா, தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளர் எவரையும் நியமிக்காமலே 2009இல் இறந்துபோனார். வயலைச் செய்துவருபவர் மூத்த மகள். இளையவரான மகன் வெளிநாட்டில். பத்திரத்தின் இரு பக்கங்களையும் ஆய்வாளர் படமெடுத்து முடித்த பின், பெரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளை, சட்டம் மாறிப்போச்சாமே, எனக்குப் பிறகு இந்தக் காணி மூத்தவளுக்கு வருமோ?" அவர் கேள்விப்பட்டிருந்தது, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை தந்த பின்னுரித்து ஒழுங்கை மாற்றிய, 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தைப் பற்றி. விடையை எழுதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார் ஆய்வாளர்.

கட்டுரையை அகராதியோடு மூன்று இரவுகள் வாசித்தேன். பெரியம்மாவின் கேள்வி அங்கே ஓர் உபதலைப்பாகவே இருக்கிறது. அதன் கீழே பல வழக்குகளும் பல அறிஞர்களும் வருகிறார்கள். வருமா, வராதா என்பது மட்டும் என் ஆங்கிலத்துக்கு எட்டவில்லை. அன்று பெரியம்மாவிடம் கையொப்பம் வாங்கிய சம்மதப் படிவமோ நல்ல தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பிழையுமின்றி இருந்தது.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எங்களைப் பற்றி எழுதுவதை எங்களுக்கும் தமிழில் எழுதுங்கள். முழுக் கட்டுரையையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு ஒரு பக்கத்தில் விடை போதும்.

இது ஒரு வீட்டுக் குறை மட்டுமன்று. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2025 மார்ச் 28இல் வெளியான வர்த்தமானி வட மாகாணத்தில் 5,941 ஏக்கரைத் தொட்டது. அதில் முல்லைத்தீவில் மட்டும் 1,703, கிளிநொச்சியில் 515. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் காணி அரசுக்கு என்ற நிலையில், ஜூன் 27இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கும்வரை, எங்கள் ஊரில் அதைச் சனங்களுக்கு விளங்கப்படுத்தியவர் சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிக்க வரும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். பிரிவு, உட்பிரிவு என்று அவரும் தன்னால் இயன்றதைச் செய்தார். நீங்கள் அந்நேரம் எந்த நாட்டு மாநாட்டில் வன்னியைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தீர்களோ! வயல் வரம்பில் கால் வைத்திராத மதிப்பீட்டாளர் இருவர் அங்கீகரித்தால் ஆய்வு நிறைவுபெறுகிறது. பேணியைத் திறந்து காட்டியவருக்கு அது வாசிக்கக் கிடைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லைப் போலும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. உங்களில் பலர் எங்களுக்காக உண்மையாகவே உழைப்பவர்கள் என்பதை அறிவேன். அதனால்தான் காணிக் கந்தோருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த முறை ஒலிப்பதிவுக் கருவியோடு வரும்போது, முன்னர் எழுதியதன் தமிழ்ப் பக்கத்தையும் தயவுசெய்து கொண்டுவாருங்கள். பெரியம்மாவின் விடையைக் கூடுமானால் இந்தப் பெரும்போக விதைப்புக்கு முன் அனுப்பிவையுங்கள். அவருக்கு வயது எழுபத்தெட்டு.

பணிவுடன்,
ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு விவசாயி