வாங்கியதை இறக்கி வை, சாந்தி

திருச்சி

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. இங்கே எல்லாரும் சுகம். நிலா கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, அதற்குள் மொட்டை மாடி முழுக்கத் தொட்டி அடுக்கி வெண்டையும் கத்தரியும் போட ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம், அருண் கேட்ட கேள்வி. “காசு கொடுத்து வாங்கின கேம் என் கணக்கில் பத்திரமா இருக்கு, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம், ராதா சித்தி எதுக்கு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி வைக்கச் சொல்றாங்க?” என்று கேட்டானாமே. நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொன்னால் அவன் ஒத்துக்கொள்ள மாட்டான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். அவனுக்கும் படிக்கக் கொடு.

இணையத்தில் கேம் விற்கிற கடைகளில் பெரும்பாலானவை நமக்கு விற்பது விளையாடுவதற்கான அனுமதியை மட்டும்தான். யுபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் 2014இல் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமை வெளியிட்டது. தனியாக விளையாடினாலும் அவர்கள் சர்வரோடு தொடர்பு இருந்தால்தான் அது ஓடும். 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். கடையில் பெட்டியாக வாங்கி டிஸ்க்கை அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அன்றோடு முடிந்தது. அதே வருடம் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது: வெறும் அனுமதியைக் கொடுத்துவிட்டு ‘வாங்குங்கள்’ என்று பொத்தான் வைக்கக் கூடாது, இது உரிமம் மட்டுமே என்று வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கும் உண்டு. நிரந்தரமாக இறக்கி வைத்து, இணையம் இல்லாமலே பயன்படுத்த முடிகிற பொருளுக்கு அது பொருந்தாது. நான் சொல்ல வருவதும் இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

அந்த வகைக் கடைகளில் எனக்குப் பிடித்தது ஜிஓஜி. நடத்தியவர்கள் போலந்துக்காரர்கள், சிடி ப்ரொஜெக்ட். 1994இல் வார்சாவில் தொடங்கிய நிறுவனம். அப்போது அங்கே திருட்டு சிடி சந்தையில் கூவிக் கூவி விற்கும், காசு கொடுத்து அசலை வாங்க ஆள் கிடையாது. இவர்கள் 1999இல் ‘பால்டர்ஸ் கேட்’ கேமைப் போலிஷ் மொழியில் கொண்டுவந்தபோது, நல்ல நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்து, வரைபடமும் இசைத் தட்டும் சேர்த்துப் பெரிய பெட்டியாக விற்றார்கள். பூட்டுப் போட்டு மிரட்டாமல், அசலை வாங்கத் தோன்றும்படி செய்வதுதான் அவர்கள் வழி. 2008இல் பழைய கேம்களுக்கென்றே ஜிஓஜியைத் திறந்தபோதும் அதே கொள்கைதான். எந்தக் கேமுக்கும் டிஆர்எம் என்கிற பூட்டு, அதாவது வாங்கியவர்தானா என்று சோதித்துத் தடுக்கிற ஏற்பாடு, கிடையாது. இன்ஸ்டாலரை, அதாவது கேமைக் கணினியில் நிறுவுகிற கோப்பை, இறக்கிக்கொண்டால், நாளைக்கு அந்தக் கடையே இல்லாமல் போனாலும் கேம் ஓடும்.

“இறக்கிக்கொண்டால்” என்று எழுதியிருக்கிறேன், அருண் அதைக் கவனிக்கட்டும். பூட்டு இல்லாத கேமை வாங்கிக் கணக்கில் விட்டுவைத்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. கடையின் நல்ல மனசை நான் சந்தேகப்படவில்லை. 2024 டிசம்பரில், கேமைச் செய்த ப்ளிஸார்ட் நிறுவனம் கேட்டுக்கொண்டதால் ‘வார்க்ராஃப்ட்’ முதல் இரண்டு பாகங்களையும் ஜிஓஜி விற்பனையிலிருந்து எடுத்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து இறக்கிக்கொள்ளலாம் என்று வாக்கும் கொடுத்தது. அதற்கு முன் 2013 கடைசியில் ‘ஃபால்அவுட்’ பழைய பாகங்கள் உரிமை கைமாறியதில் கடையை விட்டுப் போயின, 2015இல்தான் திரும்பி வந்தன. அப்போதும் வாங்கியவர்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் வாக்கு அந்த நிறுவனம் இருக்கிறவரைக்கும்தான். நம் வீட்டு டிஸ்க்கில் இருக்கிற கோப்பு யார் வாக்கையும் நம்பி இல்லை.

பழைய சிடி வைத்திருக்கிறோமே, அது போதாதா என்று நீ கேட்டிருந்தாய். பாதி சிடிக்குப் போதாது. 2000ஐ ஒட்டி வந்த நிறைய கேம்களில் ‘சேஃப்டிஸ்க்’ என்ற பூட்டு உண்டு. சிடி அசல்தானா என்று பார்ப்பதற்காக அது விண்டோஸுக்குள் ஒரு டிரைவரை, அதாவது உள்ளே ஆழத்தில் ஓடுகிற ஒரு சின்ன நிரலை, நம்பி இருந்தது. அந்த டிரைவர் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லி மைக்ரோசாஃப்ட் 2015இல் விண்டோஸ் 10இல் அதை ஓடவிடாமல் செய்துவிட்டது. பாதுகாப்பு விஷயத்தில் அது சரியான முடிவுதான். ஆனால் கீறல் விழாத அசல் சிடியைப் போட்டாலும் கேம் திறக்காது. திருடனுக்கென்று போட்ட பூட்டு, காசு கொடுத்தவரை வெளியே நிறுத்திவிட்டது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு, சாந்தி.

நம் பாலிடெக்னிக் லேபில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ விளையாடினோமே, நினைவிருக்கிறதா? முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறையில் எழுத்து போட்ட குடுவைகள் நிற்கும். கையேட்டில் இந்தப் பக்கம், இந்த வரி, இந்தச் சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குடுவையைக் குடி என்று கேட்கும். தப்பானதைக் குடித்தால் உயிர் குறையும். நம்மிடம் கையேடு ஏது? நீதான் ஒவ்வொரு குடுவையாகக் குடித்துப் பார்த்து நோட்டில் எழுதி வைத்தாய். அதுவும் ஒரு பூட்டுதான்.

அந்தக் கேமை எழுதிய ஜோர்டன் மெக்னர் அதன் மூல நிரலை, அதாவது கேமை உருவாக்க அவர் கையால் எழுதிய கட்டளைகளை, பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தார். 2012இல் அவருடைய அப்பா தன் வீட்டு அலமாரியில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார், உள்ளே ஃப்ளாப்பிகள். ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி 1989இல் வெளிவந்த நிரல். ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு அத்தனை வருடம் தாங்குமா என்பதே சந்தேகம். ஜேசன் ஸ்காட், டோனி டயஸ் என்று பழைய டிஸ்க் வாசிப்பதில் கைதேர்ந்த இருவர் வந்து உட்கார்ந்து பிட் பிட்டாக மீட்டார்கள். இன்று அந்த நிரல் யாரும் படிக்கும்படி இணையத்தில் இருக்கிறது. எழுதியவருக்கே இந்த நிலைமை. 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. பூட்டில்லாமல் விற்பனைக்கு வருகிற ஒவ்வொரு பழைய கேமும் அந்த மீதி 13இல் ஒன்று என்று நினைத்துக்கொள்.

அப்படி வருவதற்கும் யாராவது மெனக்கெட வேண்டியிருக்கிறது. ‘சிஸ்டம் ஷாக் 2’ 1999இல் வந்தது. எழுதிய நிறுவனங்களில் ஒன்று மூடிப்போய், உரிமை ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கையில் கிடந்தது. ஸ்டீஃபன் கிக் என்பவர் மத்திய அமெரிக்காவில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது மடிக்கணினியில் அதை விளையாட ஆசைப்பட்டார், ஓடவில்லை. உரிமை யாரிடம் என்று துப்புத் துலக்கி, அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கே எழுதிக் கேட்டார். 2013 பிப்ரவரியில் அது ஜிஓஜிக்கு வந்தது. அவர் ஆரம்பித்த நைட்டைவ் நிறுவனம் அடுத்து ‘நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்’ கேமுக்கும் முயன்றது. உரிமை யாரிடம் எவ்வளவு என்றே தீராமல் கைவிட வேண்டியதாயிற்று.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அருணைப் பக்கத்தில் உட்காரச் சொல்.

முதலில் ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’யில் கை பழகட்டும். இலவசம். 1994இல் ரெவல்யூஷன் சாஃப்ட்வேர் செய்த சாகசக் கேம், எழுதியவர்களே 2003இல் பொதுவில் கொடுத்துவிட்டார்கள். கூடவே டேவ் கிப்பன்ஸ் வரைந்த காமிக்ஸ் ஒன்று உண்டு, கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்ஸ்டால் செய்தபின் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்க்கச் சொல். கேம் முழுவதும் இரண்டு மூன்று கோப்புகளில் அடங்கியிருக்கும், அவற்றை வாசித்து ஓட்டுகிற ‘ஸ்கம்விஎம்’ தனியாகப் பக்கத்தில் இருக்கும். அந்தக் கேம் கோப்புகளை எடுத்து லினக்ஸில் வை, மேக்கில் வை, ஆண்ட்ராய்டு போனில் வை, அங்கங்கே உள்ள ஸ்கம்விஎம் அதை ஓட்டிவிடும். நாளைக்கு வரப்போகிற கணினிக்கும் யாராவது ஒரு ஸ்கம்விஎம் எழுதிவிடுவார்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கேம்களுக்கு ‘டாஸ்பாக்ஸ்’ இதே வேலையைச் செய்கிறது. நாம் காப்பாற்ற வேண்டியது அந்தக் கோப்புகளைத்தான்.

இறக்கும்போது ஜிஓஜியின் ‘கேலக்ஸி’ செயலி வழியாக இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது. கணக்குப் பக்கத்தில் ‘ஆஃப்லைன் பேக்கப்’ இன்ஸ்டாலர் என்று தனியாக இருக்கும், அதுதான் வேண்டும். பெரிய கேம் என்றால் ஒரு செட்டப் கோப்பும் அதன் பின்னால் 4 ஜிபிக்கு மிகாத ‘பின்’ துண்டுகளும் வரும். துண்டில் ஒன்று குறைந்தாலும் இன்ஸ்டால் நடுவழியில் நின்றுவிடும், அதனால் எண்ணிப் பார்த்து ஒரே ஃபோல்டரில் வை. கையேடு, இசை, வரைபடம் எல்லாம் ‘கூடீஸ்’ என்று தனியே இருக்கும், மறக்காமல் எடு. கையேடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமே! புதுத் திருத்தம் வந்தால் தளத்தில் பழைய இன்ஸ்டாலர் போய்ப் புதியது உட்கார்ந்துவிடும். உன்னிடம் நன்றாக ஓடுகிற பழையதை அழிக்காதே, இரண்டும் இருக்கட்டும்.

இறக்கியதும் ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை எடுத்து வை. விண்டோஸ் கட்டளைத் திரையில் ‘செர்ட்யூட்டில்’ என்ற கட்டளை போதும். ‘ஷா-256’ கேட்டால் 64 எழுத்தில் ஒரு சரம் கொடுக்கும். அதை ஒரு நோட்பேட் கோப்பில் ஒட்டி அதே ஃபோல்டரில் போடு. பத்து வருடம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கும்போது கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்தச் சரம் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். டிஸ்க் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே கெட்டிருக்கும். இந்தச் சரம்தான் காட்டிக்கொடுக்கும்.

ஒரு டிஸ்க்கை நம்பாதே, இரண்டில் வை. அலமாரியில் வருடக்கணக்கில் கிடக்கப்போகிற பிரதிக்கு எஸ்எஸ்டி என்கிற, சுழலாத சிப் வகை டிஸ்க் வேண்டாம், மின்சாரமே காணாமல் கிடந்தால் அதில் பதிந்தது மெல்ல மங்கக்கூடும். பழைய மாதிரி சுழல்கிற ஹார்டு டிஸ்க்கே நல்லது. அதையும் அவ்வப்போது செருகி ஓட்டிப் பார்.

இதெல்லாம் நம் சொந்த உபயோகத்துக்கு. பூட்டு இல்லை என்பதற்காக அருண் தன் வகுப்பு முழுக்கப் பிரதி போட்டுக் கொடுக்கக் கூடாது, அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடு. நம்மை நம்பித் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை கெட்டால் அடுத்த கேமைப் பூட்டில்லாமல் கொடுக்க எந்த நிறுவனமும் வராது.

அவன் பிறந்தநாளுக்கு ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்டு மேஜிக் 3’ முழுத் தொகுப்பை ஜிஓஜியிலிருந்து பரிசாக அனுப்பியிருக்கிறேன், மின்னஞ்சலில் வந்திருக்கும். 1999இல் வந்த கேம். 2015இல் யுபிசாஃப்ட் இதைப் புதுப் படத்தரத்தில் வெளியிட்டபோது கூடுதல் பாகங்களைச் சேர்க்க முடியவில்லை, அவற்றின் மூல நிரல் தொலைந்துவிட்டது. பழைய முழுத் தொகுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. விளையாட உட்காரும் முன் இறக்கி வைக்கச் சொல்.

பொங்கலுக்கு வரும்போது உன் இரண்டாவது டிஸ்க்கைக் கையோடு கொண்டு வா. ஒரே வீட்டில் இரண்டு பிரதியும் இருந்தால் மழைத் தண்ணீர் புகுந்தால் இரண்டும் போய்விடும். உன்னுடையது என் பீரோவில் இருக்கட்டும், என்னுடையதை நீ எடுத்துப் போ. வரும் தேதியை முன்கூட்டியே எழுது, அவர் லீவு போட வேண்டும்.

அன்புடன்,
ராதா