ஆட்டுக் கண்ணு எடுத்து வெக்கிறேன்

பழைய வண்ணாரப்பேட்டை

பாப்பா,

ராத்திரி நீ போன்ல அழுததை உங்கம்மாகிட்ட சொல்லல. கறிக்கடையில கூட்டம், என்னாலயும் பேச முடியல. அதான் எழுதறேன்.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், அப்புறம் நீட் பி.ஜி., இப்ப மதுரையில கண்ணு எம்.எஸ். மூணு வருஷம். அதுல பாதி நாள் ஓ.பி.யில பவர் பாக்கறதும் கண்ணைப் பெருசாக்கிப் பாக்கற ஸ்லிட் லேம்ப்ல குனியறதுமாவே போவுதுன்னு சலிச்சுக்கின. என்னை உங்க தாத்தா ஆறு மாசம் கறி பக்கமே விடல, தெரியுமா? தோல் உரி, தண்ணி ஊத்து, அவ்ளோதான். ஆட்டுக் கண்ணுல தையல் பழகறப்ப கை நடுங்குச்சுன்னு சீனியர் சிரிச்சாரா? சிரிக்கட்டும்.

ஆனா ஒண்ணு கேக்கணும். நீ தையல் போட்ட ஆட்டுக் கண்ணு எப்ப அறுத்ததாம்? காலையில அறுத்த கண்ணு கண்ணாடியாட்டம் இருக்கும். உள்ள கருவிழி நடுவுல இருக்கற கண்ணுப் பாப்பா படுக்கவெச்ச கோடு மாதிரி தெரியும், மனுஷனுக்கு இருக்கறாப்புல உருண்டையா இருக்காது. நேரமாக ஆக மேல பால் ஊத்தினாப்புல வெளுத்துடும். வெளுத்ததுல தைக்கச் சொன்னா யாரு கைதான் தடுமாறாது? புதுசா கேட்டு வாங்கு, ஈரத் துணியில சுத்தி வெய்யி. கண்ணைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்.

பொங்கலுக்கு வந்தப்ப அந்தத் தையல் நூலைக் காட்டினியே, தலைமுடியை விட மெலிசு. பாக்கெட் காலின்னு உங்கம்மா குப்பையில போடப் பாத்தா.

எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில ஆயாவுக்குப் புரை எடுத்தப்ப வாசல்லயே உக்காந்திருந்தேன். 1819-லயே ஆரம்பிச்ச ஆஸ்பத்திரியாம். உள்ள என்ன பண்றாங்கன்னு அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு கால் மைக்ரோஸ்கோப் பெடல்ல, இன்னொரு கால் புரை எடுக்கற மெஷின் பெடல்ல, ரெண்டு கையும் கண்ணுக்குள்ளன்னு நீ சொல்லித்தான் தெரியும். அதுக்காக இடது கையால பல்லு தேய்க்கறியாமே, தங்கச்சி சொல்லிச் சிரிச்சா. விடாதே.

லீவுக்கு ஞாயித்துக்கிழமை பாத்து வராதே, கடையில மூச்சு விட முடியாது. புதன்கிழமை வா. விடியக்காலம் ஆடு அறுக்கற ஆடுதொட்டியில இருந்து தலைங்க வந்ததும் பத்து கண்ணு எடுத்து வெக்கிறேன். ஊசியும் நூலும் நீ கொண்டாந்துடு. தலை வாங்கற மெஸ்காரர் கண்ணு எங்கடான்னு கத்துவாரு, அவரை நான் பாத்துக்கறேன்.

நைனா