நீலக் கொப்பியில் விடுபட்ட ஆண்டு

வென்ட்வொர்த்வில், சிட்னி,
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவது வழக்கம். ஏழு வாரங்களாக உன் குரலைக் கேட்காததால், இம்முறை அந்த வரியை வழக்கத்துக்காக எழுதவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் நம்பியதுபோல இருக்கிறாள். பேர்த்தில் மழை என்று செய்தியில் பார்த்தோம். நேரத்துக்குச் சாப்பிடு. அக்காவின் மகளுக்கு இரண்டு பற்கள் முளைத்துவிட்டன.

சென்ற சனிக்கிழமை கராஜில் இருந்த பழைய அலுமாரியை ஒதுக்கியபோது, உன்னுடைய நீலக் கொப்பி கிடைத்தது. பதினொரு வயதில் நீ எழுதத் தொடங்கிய, நம் ரக்பி லீக் கழகமான பரமட்டா ஈல்ஸின் சாதனைக் கொப்பி. முதற்பக்கத்தில், கழகம் 1947இல் சிட்னிப் போட்டிகளில் சேர்ந்ததை எழுதி, அதன் கீழே அடிமட்டத்தால் கோடு போட்டு, நான்கு வெற்றிக் கிண்ணங்களையும் வரிசைப்படுத்தியிருக்கிறாய்: 1981இல் நியூடவுனை 20–11, 1982இல் மேன்லியை 21–8, 1983இல் மீண்டும் மேன்லியை 18–6, 1986இல் கேன்டர்பரியை 4–2. கடைசி வரியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் பெட்டி கட்டியிருக்கிறாய். இரண்டு அணியும் பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து ஒரு ட்ரைகூடப் பெறாத அந்த இறுதிப் போட்டியில் மிக் குரோனின் உதைத்த இரண்டு கோல்களே கிண்ணத்தைத் தந்தன என்பதையும், அவருக்கும் ரே பிரைஸுக்கும் அதுவே கடைசி ஆட்டம் என்பதையும், பெட்டிக்குள் இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கிறாய். கொப்பியைத் திருப்பிப் பிடித்துத்தான் வாசித்தேன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது அந்தப் பொற்காலம் முடிந்துவிட்டது. 1981இல் பயிற்சியாளர் ஜாக் கிப்சனின் அணி முதற்கிண்ணம் வென்ற இரவில், ரசிகர்கள் கம்பர்லாந்து மைதானத்தின் பார்வையாளர் மண்டபத்துக்கே தீ வைத்தார்கள் என்பதையும், பிரெட் கென்னி 1981 முதல் 1983 வரை மூன்று இறுதிப் போட்டிகளிலும் தொடர்ந்து இரண்டிரண்டு ட்ரை வைத்தார் என்பதையும் எனக்குச் சொல்லித் தந்தது நீதான். குரோனினின் 1,971 புள்ளிகள், 1978இல் மட்டும் அவர் எடுத்த 282, லூக் பர்ட்டின் 124 ட்ரைகள், நேதன் ஹைன்ட்மார்ஷின் 330 ஆட்டங்கள் என்று நீ ஒப்புவிக்கும்போது, வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது. அவர்கள் போன பிறகு, இந்த ஞாபகசக்தியைப் பாடத்தில் காட்டக் கூடாதா என்று கேட்டவனும் நான்தான்.

கொப்பியின் நடுவில் ஒரு பக்கம் இருக்கிறது; உனக்கு ஞாபகம் இருக்கும். தலைப்பு, ‘கடைசி இடம்’. 1956 தொடங்கி 1961 வரை, தொடர்ந்து ஆறு ஆண்டுகள், ஆறு வரிகள், வெற்றிகளை எழுதிய அதே ஒழுங்கான கையெழுத்தில். சாதனைக் கொப்பியில் இதை ஏன் எழுதுகிறாய் என்று நான் கேட்டபோது, “இதுவும் எங்கட கழகம்தானே, அப்பா” என்று சொன்னாய். அந்தப் பதிலை நான் அப்போது பொருட்படுத்தவில்லை. 2001ஆம் ஆண்டுப் பக்கத்தையும் பார்த்தேன். அந்தப் பருவத்தில் 839 புள்ளிகள் குவித்து அட்டவணையில் முதலிடம் பெற்ற அணி, இறுதிப் போட்டியின் இடைவேளையில் 24–0 எனப் பின்தங்கி, நியூகாசிலிடம் 30–24 எனத் தோற்றது. 2009 இறுதிப் போட்டியில் மெல்பர்னிடம் 23–16 எனத் தோற்றோம். அடுத்த ஆண்டில், வீரர்களுக்குக் கொடுக்கலாம் என்று விதித்திருந்த சம்பள வரம்பை மீறியதற்காக மெல்பர்னின் அந்தப் பட்டம் பறிக்கப்பட்டது. வேறு எவருக்கும் அது கொடுக்கப்படவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை எங்களுடையது என்று எழுதிக்கொண்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீ ‘தோல்வி’ என்று எழுதியதை அழிக்கவில்லை. அந்த வரியை நேற்றும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

இரவில் அதிக நேரம் விழித்திருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு என்று மீண்டும் சொல்கிறேன், கோபிக்காதே. பெரியம்மாவின் மகன் சென்ற மாதம் இங்கே வந்தபோது, உன்னைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். நானும் கேட்கவில்லை. ஆனால் ஒரு குறுஞ்செய்திகூட அனுப்ப முடியாத வேலை உலகத்தில் இல்லை, மகன். அம்மா தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

கொப்பி 2012இல் நிற்கிறது. ஆண்டை எழுதி, கோடு போட்டு, எதையும் எழுதாமல் விட்டிருக்கிறாய். அந்த வரி ஏன் வெறுமையாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஆண்டு அணி கடைசியாக வந்தது. ஹைன்ட்மார்ஷும் பர்ட்டும் ஒன்றாக விடைபெற்ற கடைசி ஆட்டத்துக்குக் கூட்டிப்போகும்படி நீ என்னிடம் கேட்டாய். வேறு எதையும் நீ அப்படி இரண்டு முறை கேட்டதில்லை. நுழைவுச்சீட்டுகள் முடிந்துவிட்டன என்று சொன்னேன். அது பொய். நான் விசாரிக்கவே இல்லை. அதற்கு முந்திய வாரம் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு நீ நீலமும் மஞ்சளுமான அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாய். தோற்றவர்களின் சட்டையா என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நீ அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. என் பிள்ளை கடைசியாக வந்தவர்களுக்காகக் கைதட்டுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன். 330 ஆட்டங்கள் ஆடியும் ஒரு கிண்ணத்தைக்கூடத் தொடாத ஒரு மனிதரை ஒரு முறையாவது எழுந்து நின்று வழியனுப்ப வேண்டும் என்று நீ விரும்பினாய்; அதை நான் தடுத்தேன். அன்று பின்னேரம் நீ உன் அறையில் அந்தச் சட்டையோடு இருந்ததை, திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

தோற்றதை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று நீ அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாயோ என்று, இந்த ஒரு வாரமாக எனக்குச் சரியான உறக்கம் இல்லை.

பின்வந்த ஆண்டுகளை நானே எழுதியிருக்கிறேன். 2013இலும் 2018இலும் கடைசி இடம். 2016இல் சம்பள வரம்பு மீறலுக்காக எங்களிடமிருந்தும் 12 அட்டவணைப் புள்ளிகள் கழிக்கப்பட்டு, பத்து இலட்சம் டொலர் அபராதமும் விதிக்கப்பட்டது. 2022 இறுதிப் போட்டியில் பென்ரித்திடம் 28–12. என் எழுத்து உன்னுடையதைப்போல நேராக வரவில்லை. 2012ஐ மட்டும் தொடவில்லை.

உன் வேலையைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. நீயாகச் சொன்னால் கேட்பேன், இடையில் பேச மாட்டேன். இங்கே வருவதென்றால் பயணச்சீட்டுக்குப் பணம் அனுப்புகிறேன். வர முடியாதென்றால் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எடு. உனக்கு அங்கே நான்கு மணியாக இருக்கும். இம்முறை தொலைபேசி என் கையில் இருக்கும்.

அன்புடன்,
அப்பா