வீட்டுக்கு எந்தச் சான்றிதழ்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் எங்கள் பழைய வீட்டை விற்கலாம் என்று பேச்செடுத்ததிலிருந்து ஒரே குழப்பம். வாங்க வந்தவர் ஆற்றல் சான்றிதழ் கேட்டார். தரகர் மின்சாரச் சான்றிதழை எடுத்து நீட்டி, “இதுதான் அது” என்றார்.

இரண்டும் வேறு. மின்சாரச் சான்றிதழ் வயரிங் பாதுகாப்பானது என்று மட்டுமே சொல்லும். வீடு கைமாறும்போது அது 2 ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வீடு எவ்வளவு கரண்ட் தின்கிறது என்பது அதில் இருக்காது.

அதைச் சொல்வது ஆற்றல் சான்றிதழ். ஓராண்டில் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் செலவு என்று கணக்கிட்டு ஏ முதல் ஜி வரை தரம் போடுவார்கள். ஆனால் 2020 டிசம்பரில் வந்த விதி அலுவலகம், பள்ளி, அரங்கு போன்றவற்றுக்குத்தான். அதுவும் தனியார் கட்டடம் 2,000 சதுர மீட்டர், அரசுக் கட்டடம் 1,000 சதுர மீட்டர் தாண்டினால். வீடுகளுக்குக் கட்டாயமில்லை.

வீட்டுக்கும் வேண்டும் என்பது என் கட்சி. 2011 முதல் புது வீடுகளில் வெந்நீரில் பாதியாவது சாதாரண மின் கீசர் அல்லாத வழியில், சூரிய ஒளி போன்றவற்றால், சூடாக வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்களைப் போன்ற பழைய வீடுகளை யார் கேட்கிறார்கள்? வந்தவர் குளியலறை டைல்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கூரைக்குள் இருக்கும் கீசரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டர்பன்