பட்டினி அவளுடையது

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று இரவு நீ போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். கோபம் இல்லை கண்ணு. சொல்ல நிறைய இருந்தது. நீயோ இடுப்பில் பிள்ளையும் காதில் போனுமாக நின்றுகொண்டிருந்தாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பேரன் தூங்கிய பிறகு நிதானமாகப் படி.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளில், காய்ச்சல் இறங்கினால் இந்த வருஷம் சமயபுரத்தாளோடு சேர்ந்து நீயும் 28 நாள் பச்சைப் பட்டினி இருப்பதாக நேர்ந்துகொண்டாயாம். வருகிற ஞாயிறு மாசிக் கடைசி ஞாயிறு. அன்றைக்கே தொடங்கப்போகிறாயாம். மாப்பிள்ளையிடம்கூட இன்னும் சொல்லவில்லையாம். ஒன்றே கால் வயதுப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, புனேயில் காலை எட்டு மணிக்கு வேலைக்கு ஓடுகிற உடம்பை வைத்துக்கொண்டு இதைச் செய்யப்போகிறாய்.

நேர்ந்துகொண்டதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் தாய் வாயில் வேறென்ன வரும்? ஆனால் அந்தப் பட்டினி யாருடையது என்பதை நீ மறந்துவிட்டாய். பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்தும் இதை உனக்கு நான் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அது என் குறை.

ஏகாதசி, சஷ்டி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்று நமக்கு எத்தனையோ விரதங்கள். எல்லாவற்றிலும் சாமி சாப்பிடும், நாம் பட்டினி கிடப்போம். சமயபுரத்தில் மட்டும் அது தலைகீழ். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் அம்மனே பட்டினி கிடக்கிறாள், பெற்ற பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று. அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், கரும்பு, பானகம், இளநீர், இவ்வளவுதான். அடுப்பில் ஏறிய எதையும் அவள் முன்னால் வைப்பதில்லை. பச்சைப் பட்டினி என்ற பேரே அதனால் வந்தது.

ஆக, விரதம் இருப்பவள் அவள். யாருக்காக? உனக்காக, உன் மடியில் கிடக்கிற அந்தப் பயலுக்காக. ஒருத்தி நமக்காகச் சாப்பிடாமல் இருக்கும்போது, நாமும் சாப்பிடாமல் கிடந்து அவள் வயிற்றைக் கலங்கவைப்பதா?

இதை நானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. உன் அப்பாயி, என் மாமியார், எனக்குச் சொன்னது.

உனக்கு ஆறு வயதில் சின்னம்மை போட்டது நினைவிருக்கிறதா? இதே பங்குனி மாதம். முதுகில் நாலு முத்து என்று நினைத்தேன், மறுநாள் முகமெல்லாம் வந்துவிட்டது. நோய் என்று வாயால் சொல்லக்கூடாது, 'தாய் வந்திருக்கிறாள்' என்றுதான் சொல்ல வேண்டும் என்றார் அப்பாயி. நிலையில் வேப்பிலைக் கொத்து செருகினோம். வீட்டில் தாளிப்பு கிடையாது, விருந்தாளி கிடையாது, உரத்த பேச்சுகூடக் கிடையாது. வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து உன்னைக் கிடத்தியிருந்தோம். நீ அரிப்புத் தாங்காமல் கையைத் தூக்கும்போதெல்லாம் வேப்பங்கொழுந்தால் வருடிக்கொடுப்பேன். ராத்திரி பகல் தெரியாது எனக்கு. சோற்றைப் பார்த்தால் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு நாள் தண்ணீர் மட்டும் குடித்தேன். மூன்றாம் நாள் உன்னைத் தூக்கி மாற்றிப் போடும்போது கண் இருட்டி, உன்னோடு சேர்ந்து சுவரில் சாய்ந்துவிட்டேன்.

அப்பாயி ஓடி வந்து உன்னை வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு சொம்பு நிறையக் கஞ்சி கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "பட்டினி கிடக்கத்தான் அங்கே ஒருத்தி இருக்கிறாளே. பிள்ளையைத் தூக்க இங்கே ஒருத்திக்குத் தெம்பு வேண்டாமா? குடி."

குடித்தேன். அழுதுகொண்டே குடித்தேன். ஏழாம் நாள் வெயிலில் வைத்த வேப்பிலைத் தண்ணீரை உன் தலைக்கு ஊற்றினோம். உன் இடது புருவத்துக்கு மேல் அந்தச் சின்னப் பள்ளம் இன்னும் இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது உன்னை டாக்டரிடம் காட்டாதது எங்கள் தவறு. ஒதுக்கி வைத்ததும், சூடில்லாத சாப்பாடும், வீட்டின் அமைதியும் உனக்கு நல்லதுதான் செய்தன. ஆனால் தாயைக் கும்பிடுகிற கை டாக்டர் வீட்டுக் கதவையும் தட்டியிருக்கலாம். என் சிறுவயதில் ஊரில் பலர் முகத்தில் பெரியம்மைத் தழும்பு இருக்கும். எங்கள் தெருவிலேயே அதில் கண் போன ஒரு பாட்டி இருந்தார். அந்தப் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980-ல் அறிவித்தார்கள். தடுப்பூசியால் ஒழிந்தது. அதனால் சமயபுரத்தாளுக்கு வேலை குறைந்துவிட்டது என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. ஊசி போட வீடு வீடாக நடந்தவர்களின் காலிலும் அவள்தான் இருந்தாள் என்று நம்புகிறவள். பேரனுக்குச் சின்னம்மை ஊசி போட்டாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே டாக்டரைக் கேள். கோடை பிறக்கப்போகிறது.

அம்மன் ஏன் பட்டினி கிடந்தாள் என்ற கதையைச் சொல்கிறேன். மகிஷாசுரனைக் கொன்றாள் என்பது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதைத்தான் நம் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். அசுரன் செத்துவிட்டான், அவள் கோபம் சாகவில்லை. உடம்பு தகிக்கிறது. அந்த உக்கிரம் தணியவும், கொன்ற பாவம் தீரவும் இந்தக் கண்ணபுரத்துக்கு, அதாவது நம் சமயபுரத்துக்கு வந்து, மஞ்சள் ஆடை உடுத்தி, உண்ணாமல் தவம் இருந்தாள். பிறகுதான் சாந்த சொரூபியாக, மாரியம்மனாக உட்கார்ந்தாள்.

எத்தனையோ தடவை கேட்ட கதை. ஆனால் என் மாமனார் பாகப்பிரிவினையில் ஏமாற்றப்பட்டபோதுதான் இது எனக்குப் புரிந்தது. நியாயம் எங்கள் பக்கம் இருந்தது, தீர்ப்பும் எங்கள் பக்கமே வந்தது. ஆனாலும் அவர் நெஞ்சில் பிடித்த நெருப்பு இறங்கவே இல்லை. ஜெயித்த பிறகும் வெந்துகொண்டிருந்தார் மனிதர். நியாயமான கோபமும் கோபம்தான், உள்ளே வைத்திருப்பவரைத்தான் சுடும். சாமிக்கே அப்படி இருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிற கோயில் நம்முடையது. அவள் அந்தச் சூட்டைக் கொண்டுபோய் யார்மீதும் கொட்டவில்லை. சோற்றைத் தள்ளிவைத்து, உட்கார்ந்து, தானே ஆற்றிக்கொண்டாள்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் தெரியுமா? அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் யாரும் வந்து பார்க்கவில்லை என்று இதுவரை நாலு தடவை சொல்லிவிட்டாய். ஒவ்வொரு தடவையும் குரல் நடுங்குகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நேற்று நீ இன்னொன்றும் சொன்னாய்: 'காலையிலேயே அவன் உடம்பு சுட்டது, நான்தான் கவனிக்காமல் வேலைக்குப் போய்விட்டேன்.' அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. நீ விரதம் இருக்கப்போவதில்லை கண்ணு, உன்னைத் தண்டித்துக்கொள்ளப் போகிறாய். அதற்கு அம்மன் பேரை வைக்காதே. பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது தாயின் குற்றம் என்று அவள் எந்த நாளும் சொன்னதில்லை.

இந்த 28 நாளில் நாம் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், பூப் போட வேண்டும். திருவிழாவின் பேரே பூச்சொரிதல்தானே. மூலவர் மூலிகை சேர்ந்த சுதைத் திருமேனி. அதனால் அவளுக்கு அபிஷேகம் கிடையாது, அபிஷேகமெல்லாம் உற்சவருக்குத்தான். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: தகிக்கிற உடம்பு, தண்ணீர் ஊற்ற வழியில்லை. அப்படியென்றால் வேறு எதைக் கொண்டு குளிர்விப்பது? ஊரே கூடை கூடையாகப் பூவைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது.

நீ சின்னப் பிள்ளையில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். திருச்சியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் விடிய விடியப் பூத்தட்டு வந்துகொண்டே இருக்கும். மல்லிகை, செவ்வந்தி, அரளி, ரோஜா, மரிக்கொழுந்து எல்லாம் கலந்து ஒரு குளிர்ந்த வாசனை. தரையெல்லாம் இதழ் மிதிபட்டு ஈரமாக இருக்கும், வெறுங்காலில் நிற்கும்போது உள்ளங்கால் சில்லென்று இருக்கும். போன வருஷம் எனக்கு ஒரு நொடிதான் நிற்கக் கிடைத்தது. கழுத்து தெரியவில்லை, கை தெரியவில்லை, பூவுக்கு மேலே அந்த முகம் மட்டும். பசித்த முகம் என்று தெரிந்து பார்த்ததாலோ என்னவோ, கேட்க வந்த எதுவும் என் வாயில் வரவில்லை. 'நீ எப்படி இருக்கிறாய் தாயே' என்று மட்டும் மனசுக்குள் கேட்டேன். பின்னால் வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள், நகர்ந்துவிட்டேன்.

நம் தெருவிலேயே காப்புக் கட்டி, மஞ்சள் உடுத்தி, கடுமையாக விரதம் இருந்து பால்குடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்கள் உடம்பும் நாளும் அதற்குத் தோதாக இருக்கின்றன. உன் உடம்பில் இன்று இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள்.

நேர்ந்துகொண்டதை மாற்றினால் குற்றமாகுமோ என்று பயப்படுவாய். பயப்படாதே. இன்று காலை குளித்துவிட்டு, மஞ்சள் துணியில் பதினொரு ரூபாய் முடிந்து, உன் பேரையும் பேரன் பேரையும் சொல்லிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டேன். ஞாயிறு அன்று உன் பேரில் ஒரு கூடைப் பூ கொண்டுபோகிறேன். முடிச்சை உண்டியலில் போட்டுவிட்டு, 'பிள்ளை பால் மறந்த பிறகு அவளே வந்து உன்னிடம் பேசிக்கொள்வாள்' என்று சொல்லிவிட்டு வருகிறேன். நானும் ஒரு தாய்தான், என் வாக்குக்கும் அவளிடம் மதிப்பு உண்டு.

உனக்கு மனசு கேட்கவில்லை என்றால், காலையில் ஒரு வேளை மட்டும் அடுப்பில் ஏறாததாகச் சாப்பிடு. பழம், இளநீர், ஒரு பிடி துள்ளுமாவு. மற்ற வேளைகளில் வயிறாரச் சாப்பிட வேண்டும். துள்ளுமாவு செய்ய மறந்திருப்பாய். பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வெள்ளை வேட்டியில் நிழலில் பரப்பு. வெயிலில் காட்டாதே. கையில் அள்ளினால் அரிசி விரலில் ஒட்ட வேண்டும், ஆனால் தண்ணீர் வரக்கூடாது. அந்தப் பதத்தில் எடுத்து இடித்துச் சலித்து, பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசிறு. அங்கே மிக்ஸியில்தான் அரைப்பாய், பரவாயில்லை. விட்டு விட்டு அரை, மாவு சூடேறக் கூடாது. படத்துக்கு ஒரு முழம் பூ வைத்து, மாவைப் படைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடு. வாசலில் வெயிலில் உட்கார்ந்திருக்கிற காவலாளிக்குத் தினம் ஒரு டம்ளர் நீர்மோர் கொடு. அதைச் செய்தாலே அவள் குளிர்வாள்.

தைப்பூசத்துக்கு ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் தங்கைக்குச் சீர் கொடுப்பாரே, கொள்ளிடக் கரையில் பார்த்திருக்கிறாய். அவ்வளவு பெரிய தெய்வத்துக்கே பிறந்த வீட்டுச் சீர் வேண்டியிருக்கிறது. இந்த வருஷம் உனக்கு அனுப்ப முடியாமல் போனதை இப்போது அனுப்புகிறேன். கூரியரில் மஞ்சள் புடவை ஒன்று, கோயில் குங்குமம், நானே இடித்த மாவு ஒரு டப்பா வரும். மாவை வந்த உடனே சாப்பிட்டுவிடு, ஈரமாவு நாள்பட நிற்காது. உள்ளே ஒரு சின்ன மஞ்சள் சட்டையும் இருக்கிறது. ஒன்றே கால் வயதுக்கு அளவு சொல்லித் தைத்தேன், சின்னதாக இருந்தால் சொல்.

சித்திரை முதல் செவ்வாய் தேர். மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லி, லீவு கேட்டு, இப்போதே ரயில் டிக்கெட் போடச் சொல். ஞாயிறு ராத்திரி கோயில் வாசலில் நின்று போன் செய்கிறேன். நான் பேசுவது மேளச் சத்தத்தில் உனக்குக் கேட்காது. போனைப் பேரன் காதில் வை. நீ சாப்பிட்டுவிட்டு எடு.

அம்மா