பழைய பேக்கிங்க திரும்ப போடலாமா? எதுல செஞ்சதுன்னு பாத்துட்டு சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின் வேலை பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா இன்ஜின பிரிச்சா பழைய கேஸ்கட், அதாவது ரெண்டு பாகம் சேர்ற இடத்துல ஒழுகாம இருக்க நடுவுல வைக்கிற பேக்கிங், அத்தனையும் தூக்கி போட்டுடணும்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க, அதவிட கூட போட்ட படத்துல ஒருத்தர் ட்ரில்லுல கம்பி பிரஷ்ஷ மாட்டி ஒட்டிக்கிட்டிருக்க பழைய பேக்கிங்க காய்ஞ்சபடியே தூசி பறக்க தேய்க்கிறாரு, அத பாத்துட்டு எழுதாம இருக்க முடியல.

முதல்ல செம்பு. ட்ரையம்ப் 650 ட்வின்ங்கிற ரெண்டு சிலிண்டர் பிரிட்டிஷ் வண்டி மாதிரி பழைய இன்ஜின்கள்ல ஹெட் கேஸ்கட், அதாவது சிலிண்டருக்கும் அதோட மூடியான ஹெட்டுக்கும் நடுவுல இருக்கறது, வெறும் செம்புத் தகடுதான். நட்டு இறுக்கி, சூடாகி ஆறி, சூடாகி ஆறி அது கெட்டிப்பட்டு போயிருக்கும், அதனாலதான் ரெண்டாவது தடவ அப்படியே போட்டா ஒழுகுது. அத திரும்ப மிருதுவாக்கிடலாம். சின்ன கம்பியில தொங்க விட்டு, லைட்ட அணைச்சுட்டு கேஸ் டார்ச்சால சுத்தி சுத்தி காட்டுங்க, முதல்ல வானவில் மாதிரி நிறம் ஓடும், அப்புறம் கறுத்துடும், அதுக்கப்புறம் இருட்டுல மட்டும் தெரியிற மாதிரி மங்கலா ஒரு சிவப்பு வரும், முழு வட்டத்துலயும் அந்த சிவப்பு வந்தா போதும், அதுக்கு மேல போனா உருகிடும்ங்கிற பயத்தோட பண்ணணும், செம்பு உருகுறது 1085 டிகிரி செல்சியஸ்ல. அப்புறம் தண்ணியில போடலாம், சும்மா ஆறவும் விடலாம், இரும்பு மாதிரி தண்ணியில போட்டா கெட்டியாயிடும்னு நிறைய பேர் பயப்படுறாங்க, செம்பு அப்படி ஆகாது. சூடு காட்டுறதுக்கு முன்னாடி விரலால தட்டினா டிங்குன்னு கேட்ட தகடு இப்ப சத்தமே இல்லாம கையில தொய்ஞ்சு தொங்கும். மேல இருக்க கருப்பு செதிலை ஸ்டீல் உல்லால துடைச்சுட்டு போடுங்க. ஆயில் இறக்குற ட்ரெய்ன் ப்ளக்கோட செம்பு வாஷருக்கும் இதே வைத்தியம்தான்.

ஆனா நெருப்பு அரிச்சு ஒரு கோடு விழுந்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ அத வச்சுக்கிட்டு பாசம் காட்டாதீங்க. அப்புறம் மைக்ரோமீட்டர்ல கனத்த அளந்து பாருங்க, தகடு மெலிஞ்சிருந்தா ஹெட் கீழ இறங்கும், புஷ்ராட் இன்ஜின்ல, அதாவது கீழ இருக்க கேம் நீள கம்பியால வால்வ தள்ளுற இன்ஜின்ல, டேப்பட் இடைவெளி (வால்வுக்கு விடுற சின்ன இடைவெளி) குறையும், அதனால ஒரு தடவ ஓட்டி, முழுசா ஆறினதுக்கப்புறம் ஹெட் நட்ட திரும்ப டார்க் (இறுக்க அளவு) பாத்துட்டு டேப்பட்ட செட் பண்ணுங்க.

பேப்பர் பேக்கிங்னா க்ளட்ச் கவர், டைமிங் கவர்னு பிரஷர் இல்லாத இடத்துல கிழியாம முழுசா வந்துச்சுன்னா ரெண்டு பக்கமும் லேசா கிரீஸ் தடவி திரும்ப போடலாம், நானே பல தடவ போட்டிருக்கேன். காய்ஞ்சு சுருங்கி ஸ்டட் ஓட்டை பொருந்தலன்னா கொஞ்ச நேரம் ஈரத்துணியில வைங்க, விரிஞ்சுடும். சிலிண்டர் ஓட்டைய சுத்தி உலோக நெருப்பு வளையம் வச்சு, பல அடுக்கா செஞ்ச கூட்டு ஹெட் கேஸ்கட் மட்டும் ஒரு தடவ நசுங்கினா நசுங்கினதுதான், புதுசு போடணும். ஓ-ரிங்ங்கிற ரப்பர் வளையமும் அப்படித்தான். டூ-ஸ்ட்ரோக்ல சிலிண்டருக்கு அடியில இருக்க பேஸ் பேக்கிங்லயும் சிக்கனம் பாக்காதீங்க, அதுல கிராங்க்கேஸே ஒரு பம்பு மாதிரி வேலை செய்யுது, அங்க துளி காத்து உள்ள போனாலும் பெட்ரோல் கலவை மெலிஞ்சு சூடேறி பிஸ்டன் ஜாம் ஆயிடும். ஆக்ஸிலரேட்டர விட்டும் ரேஸ் இறங்காம நின்னா முதல்ல அந்த இடத்த சந்தேகப்படுங்க.

என்கிட்ட வந்த ஒரு இன்ஜின்ல ஹெட்ல வால்வ அமுக்குற ராக்கரோட ஷாஃப்ட் ஆயில் போகாம சூடேறி நீலம் பாரிச்சு கிடந்துச்சு, பிரிச்சு பாத்தா பழைய பேக்கிங் ஒழுகக்கூடாதுன்னு முன்னாடி யாரோ சிலிகான அள்ளி பூசியிருக்காங்க, அது உள்பக்கம் பிதுங்கி, ரப்பர் புழு மாதிரி ஒரு துண்டு ஆயில் போற வழியில உக்காந்திருந்துச்சு. ஊசி முனையால இழுத்து வெளிய எடுத்தேன், அரை இஞ்ச் கூட இருக்காது. அதனால எங்கயாவது சிலிகான் மாதிரி கம் போட்டுத்தான் ஆகணும்னா ஈர்க்குச்சியால தடவுற அளவு போதும்.

போடாத பழைய பேக்கிங்கயும் உடனே எறியாதீங்க. புதுசு கிடைக்காத வண்டிக்கு பேப்பர வெட்டும்போது அதுதான் மாதிரி, கனமும் ஆயில் ஓட்டையும் அதுல இருக்கு, ஒரு ஓட்டை விட்டுப் போச்சுன்னா மேல எண்ணெயே ஏறாது.

இப்ப அந்த படத்துக்கு வர்றேன். அந்தக் காலத்து பேக்கிங் நிறையா அஸ்பெஸ்டாஸ் கலந்தது, பிரிட்டன் அத 1999-ல முழுசா தடை பண்ணிடுச்சு. அந்த இழை கண்ணுக்கு தெரியாது, நுரையீரல்ல போய் தங்கிடும், நோய் தெரியறதுக்கு இருபது முப்பது வருஷம் ஆகும், அப்ப எந்த இன்ஜின்ல இருந்து வந்துச்சுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும். கம்பி பிரஷ், உப்புத்தாள், காத்தடிக்கிற பைப் மூணும் கூடவே கூடாது. சோப்புத்தண்ணி ஊத்தி ஊற விட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால மெதுவா எடுத்து, ஈரத்துணியால துடைச்சு, துணியோட சேத்து பையில கட்டிடணும். பழசா இருந்தா எதுல செஞ்சதுன்னு தெரியாம மூக்க கிட்ட கொண்டு போகக்கூடாது, நல்ல மாஸ்க் வேணும்.

இந்த வேலைய புதுசா கத்துக்கிற பசங்க உங்க படத்த பாத்து அப்படியே செய்வாங்க சார். அடுத்த இதழ்லயே, கட்டுரை வந்த அதே பக்கத்துல, அந்த படம் தப்புன்னு ரெண்டு வரி போட்டுடுங்க.

இப்படிக்கு,
பழைய வண்டி வேலை பாக்குற ஒரு வாசகர்